எடை பார்த்து வாங்கிய சர்வர்

எங்கள் முதலாளிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் தப்பில்லை. தெரியாததையே ஒரு தகுதியாக நினைத்துக்கொண்டிருந்தார், அதுதான் தப்பு. திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்துச் சம்பாதித்த மனிதர். இரண்டாயிரங்களின் நடுவில் ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பறந்தபோது தானும் கூடப் பறந்து, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு மாடியைப் பிடித்து எங்களை உட்கார வைத்தார். வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து வண்டி பாகங்களின் வரைபடத்தை வாங்கி, ஓட ஓட அந்தப் பாகம் எங்கே விரிசல் விடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அனுப்புவது எங்கள் வேலை. மெஷின்களைப் பார்த்துக்கொள்வது நான்.

கணக்குப் போடுவது அக்கா. எங்களில் மூத்த இன்ஜினியர், பல்லாவரத்திலிருந்து வருவார். ஒரு ஜெர்மன் கம்பெனியோடு மாதக்கணக்கில் பேசி, சோதனைக்காக ஒரு பாகத்தின் கணக்கை அவர்தான் வாங்கியிருந்தார். சொன்ன தேதிக்குள் விடை போய்ச் சேர்ந்தால் பெரிய வேலை முழுவதும் எங்களுக்கு, அதற்குத் தலைமை அக்காவுக்கு. போகாவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். இதை நம்பி, கையில் வந்த இன்னொரு நல்ல வேலையையும் அக்கா வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

எங்களிடம் இருந்த மெஷின்களில் அந்தக் கணக்கை ஏற்றியதும் அவை திணறி நின்றுவிட்டன. இதற்கென்றே தனியாக ஒரு சர்வர் வேண்டும், மெமரி நிறைய வேண்டும், இரண்டு டிஸ்க் வேண்டும், நாள் கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும் என்று அக்கா முதலாளியிடம் பொறுமையாகச் சொன்னார்.

"ஒரே ஒரு வேலைக்கு எதுக்கும்மா தனியா ஒரு மெஷினு? நான் ஒரே லேத்த வெச்சிகினு பத்து வேல பாத்தவன்" என்றார் அவர்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் தானே தேர்ந்தெடுப்பேன் என்றார். கூட இருந்து யோசனை சொன்னவர் அவருடைய மச்சான். ஆபீஸ் கணக்கு வழக்கு அவர் பொறுப்பு. யோசனையைத் தவிர வேறெதையும் அவரிடம் நான் பார்த்ததில்லை. விற்க வந்த ஆள் வாயாலேயே வடை சுடுபவர். மேஜை மேல் இரண்டு சர்வர்களை வைத்தார். ஒன்று தட்டையானது. அக்கா கேட்டதெல்லாம் அதில் இருந்தது. இன்னொன்று பீரோவுக்குத் தம்பி.

முதலாளி இரண்டையும் தூக்கிப் பார்த்தார். நிஜமாகவே, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். லேத் கனமாக இருந்தால்தான் அதிராமல் ஓடும் என்பது பட்டறைப் பாடம். அந்தப் பாடத்தை அப்படியே இங்கே இறக்கிவிட்டார்.

"இது இன்னா, சீர் வெக்கிற தாம்பாளம் மாதிரி கீது? இதா வேல செய்யப் போவுது?" என்று தட்டையானதை ஒதுக்கினார்.

"கரெக்ட் சார். இன்னொண்ணுதான் ஹெவி டூட்டி" என்றார் விற்க வந்தவர். மச்சான் தன் பங்குக்கு, முன்னால் எரியும் நீல விளக்கு நிறம் மாறுமா என்று கேட்டார். அக்கா கேட்ட மெமரியில் பாதிதான் அதில் இருக்கிறது, டிஸ்க்கும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

கனமான சர்வர் வந்தது. ஆயுத பூஜைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய கணக்கு, அதில் ஊர்ந்து ஊர்ந்து பூஜையைத் தாண்டி விஜயதசமி காலையில்தான் முடியும் என்று தெரிந்தது. கெடுவும் அதே நாள்தான். நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியில்லை. அதுவரை போட்டதைச் சேமித்து வைக்க டிஸ்க்கில் இடம் இல்லை. அக்கா முதலாளியிடம் போய், "சார், பூஜைக்கு மத்த மெஷினெல்லாம் நிறுத்திக்கலாம். இத மட்டும் தொடாதீங்க" என்று கெஞ்சினார். "சரிம்மா, தொட மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தார்.

பூஜையன்று பூசணிக்காய் உடைக்க எல்லோரும் கீழே இறங்கினோம். உடைத்ததும் முதலாளியும் மச்சானும் முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் மேலே வந்தபோது சர்வருக்கு மாலை போட்டிருந்தது. சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. நீல விளக்கு எரியவில்லை.

"ஓடிகினு இருக்கற மெஷினுக்குப் பொட்டு வெக்கக் கூடாதுன்னு மாமா சொன்னாரு, நான்தான் நிறுத்துனேன்" என்றார் மச்சான், ஏதோ உபகாரம் செய்தவர் போல.

மாமாவான முதலாளி சிரித்தார். "மெஷினுக்கும் வருசத்துல ஒரு நாளு ரெஸ்ட்டு குடுக்கணும்மா. நாளைக்கு விஜயதசமி. மொதல்லேர்ந்து போடு, ஜெயமா முடியும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அந்த மாலையை எடுத்து இருவர் கழுத்திலும் போட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்வலம் விட வேண்டும் போல இருந்தது.

பூஜைக்காக நிறுத்திவிட்டோம் என்று எழுதினால் ஆபீஸ் மானம் கப்பலேறும். அதனால் அக்கா, மின்தடையால் கணக்கு நின்றுவிட்டது, ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்று ஜெர்மனிக்கு எழுதினார். பதில் மரியாதையாகத்தான் வந்தது. மின்தடைக்கு முன்னேற்பாடு செய்யாத ஒரு பொறியாளரிடம் இந்த வேலையை ஒப்படைக்க முடியாது, மன்னிக்கவும் என்றார்கள்.

அதை முதலாளிக்கு நான்தான் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா நீ, கரண்ட்டு போவும்னு மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒரு யுபிஎஸ் வாங்கிக் குடுத்திருப்பேனே."

யுபிஎஸ் அவர் காலடியில் இருந்தது. அதற்கும் அவரே பொட்டு வைத்திருந்தார். அவர் நடிக்கவில்லை, மின்தடை என்று கேட்டதும் அதை அப்படியே நம்பிவிட்டார். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்தது.

அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, பரவால்ல வுடும்மா" என்று முதலாளி அவரைப் பெருந்தன்மையாக மன்னித்தார்.