சந்தனக் கல்லுக்குப் பின்னால்

கல்வெட்டுகளைப் படியெடுக்கும் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டினேன். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, மசி ஒற்றி எடுக்கிற வேலை. படித்துப் பொருள் சொல்கிற அறிஞர்கள் வேறு. ஆனால் அவர்களுக்குக் கல்வெட்டு என்பது நான் கொண்டுவந்து கொடுக்கிற காகிதம்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் ஊர் வலியசாலையில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் பழைய ஆய் மன்னர்களோடுதான் குடித்தனம். ஒரு மன்னரின் ஆட்சிக்காலத்தை எல்லாரும் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள், அதனால் பின்னால் வந்தவர்களும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் ஆட்சி ஆண்டைக் கல்லில் இரண்டு எண்ணாக வெட்டுவதுண்டு. 'பத்தாவதின் எதிர் ஐந்தாவது' என்றால் கூட்டிப் பதினைந்து என்று கொள்ள வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு கோயில் சுவரிலிருந்து எடுத்த படியில் அந்த இரண்டாவது எண் விட்டுப்போயிருக்கிறது என்றார். அதை வைத்துப் புத்தகமே எழுதி முடித்திருந்தார்.

அந்தச் சுவரைப் படியெடுத்தவன் நான். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வரியின் கடைசிக்கு வந்தபோது, பூசை செய்யும் போத்தி நடை சாத்தச் சாவியோடு வந்து நின்றார்.

"நட அடைக்கணும். வேகம் ஆகட்டே."

சந்தனம் அரைக்கும் பெரிய கல் சுவரை ஒட்டிக் கிடந்தது. நகர்த்த நாலு ஆள் வேண்டும். பின்னால் என்ன இருந்துவிடப் போகிறது என்று காகிதத்தை உரித்துக்கொண்டு வந்தேன். வரி அங்கேயே முடிந்ததாக எழுதிக் கொடுத்தேன்.

வாத்தியார் தன் கணக்கைச் சொன்ன கருத்தரங்குக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வரியோட கடைசி வரைக்கும் எடுத்தேளா?"

"எடுத்தாச்சு சாரே. அதுக்குப் பின்னே வெறும் சுவருதான்."

அரங்கம் சிரித்தது. புத்தகம் போடுவதாகச் சொன்னவர் பின்வாங்கினார். வாத்தியார் அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் எதிரே பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். நினைத்தபடியே ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடுவேன். வேலையில் இருந்தவரை பயம். ஓய்வு பெற்ற பிறகு வெட்கம்.

இந்தச் சிங்க மாதம், அதாவது நம் ஆவணியில், கோயிலில் தரை மாற்றுவதற்காகச் சந்தனக் கல்லை எடுத்தார்கள். கும்பிடப் போன நான் சுவரைப் பார்த்தேன். 'எதிர் எட்டாவது.' போனில் படம் பிடித்துக்கொண்டு நேரே வலியசாலைக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எட்டு. நான் ஏழுன்னு போட்டிருந்தேன். ஒண்ணு பிசகிடுத்து."

"சாரே, அன்னைக்கு நான் அந்தக் கல்லை நகர்த்தவே இல்ல."

"தெரியும். கூட்டம் முடிஞ்ச மறுநாளே போய்ப் பார்த்தேன். கல்லைச் சுத்திச் சந்தனக் கசடு உறைஞ்சு கிடந்தது. வருஷக்கணக்கா யாரும் அசைக்கலைன்னு பார்த்தாலே தெரியும். நகர்த்தச் சொன்னேன், போத்தி சம்மதிக்கலை."

"அப்பவே நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க வந்து சொல்லுவேள்னு இருந்தேன். எழுதினதையெல்லாம் போன வருஷம் ஓணம் வரைக்கும் வச்சிருந்தேன். அப்பறம் எடைக்குப் போட்டுட்டேன்."

போன ஓணத்துக்கு நான் இதே ஊரில்தான் இருந்தேன். என் வீட்டிலிருந்து வலியசாலைக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம்.