வெட்டுக்கிளிக்கு வார்த்த கஞ்சி

போன கோடையின் கடைசி. ஆரணியில் எங்கள் தெருவைக் கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். என் நாத்தனாரின் கல்யாணப் புடவைக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள், தயாராக இருந்தது. அதை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடத்தான் இடமில்லை. "ஏரிக்கர மேய்ச்சல் நெலம் சும்மாதான கெடக்குது" என்று யோசனை சொன்னது நான்தான்.

விடிந்ததும் அங்கே பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவினோம். கோடை மழைக்குத் தளதளவென்று எழுந்த புல், அதற்குள் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. வெட்டுக்கிளிகளும் அதே நிறம். முதலில் கண்ணில் படவே இல்லை. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகப் பாவின் மேல் தாவின. கடிக்கப் பச்சை இல்லாத காலம், அரிசிக் கஞ்சி கிடைத்தால் விடுமா? கஞ்சியோடு பட்டையும் சேர்த்துக் கடித்தன. இழைகள் அறுந்து தொங்கின. துண்டால் விரட்டினால் எழும்பி, மறுபடி அங்கேயே உட்கார்ந்தன. ஈரத்தோடு சுருட்டினால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு பாவே வீண்.

"எல்லாம் ஒன் யோசனதான்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன.

அப்போதுதான் தூரத்தில் ஓர் அக்கா ஆடு மேய்ப்பதைப் பார்த்தேன். ஆடுகள் நடக்க நடக்க வெட்டுக்கிளிகள் முன்னால் தெறித்து ஓடின. மைனாக்களும் கொக்குகளும் கூடவே வந்து கொத்தித் தின்றன. ஓடிப்போய் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யக்கா, ஆட்ட எங்க பாவாண்ட ஓட்டிகினு வாங்கக்கா. ஜல்தி."

"கஞ்சி வாசன புடிச்சா ஒன் பட்ட உட்டுவைக்குமா இதுங்க?" என்று சிரித்தார்.

"பாவு ஓரத்துலேருந்து வெளிப்பக்கமா ஓட்டுங்க. நாங்க நடுவுல நின்னுக்கிறோம்."

அப்படியே செய்தோம். ஆடுகள் வெளியே நகர நகர வெட்டுக்கிளிகளும் அந்தப் பக்கமே ஓடின. மைனாக்களுக்கு நல்ல விருந்து. பிறகு மறுபக்கம். ஒரு கருப்பு ஆடு மட்டும் பாவை நோக்கித் திரும்ப, வீட்டுக்காரர் அதன் கொம்பைப் பிடித்து மல்லுக்கு நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவு காய்ந்தது. அறுந்த இழைகளை முடிந்து சுருட்டினோம். மிச்சக் கஞ்சி முழுதும் ஆடுகளுக்குத்தான்.

ஆவணியில் கல்யாணம். அந்த அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்தோம். "எங்க ஆடுங்க காப்பாத்துன பொடவ" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மேய்ச்சல் நிலம் சும்மா கிடக்கிறது என்று இப்போது யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. எங்கள் வீட்டுப் பெண் பட்டு உடுத்தி மணையில் உட்கார்ந்ததே அங்கே மேய்ந்த ஆடுகளாலும் மைனாக்களாலும்தான்.