டெல்பர்ட் ஹாஃப்னர் எரித்த சான்றிதழ்

டெல்பர்ட் ஹாஃப்னர் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன். பதினாலாம் நம்பர் வண்டி. அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் முழங்கால்கூடச் சிராய்த்ததில்லை. கடைசிப் பிள்ளை உட்காரும்வரை வண்டியை நகர்த்த மாட்டான். மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்து, "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று கேட்பான். பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்பான். வெளியே பனி கொட்டினாலும் சரி, பள்ளிக்கூட மணி அடித்துவிட்டாலும் சரி, அதே கேள்விதான்.

அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஏரிக்கரையில் கிடையாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பதினைந்து வயதில் அடுத்தவன் படகின் அடியைச் சுரண்டத் தொடங்கி, இன்று ஓஹையோ கரையில் நாற்பத்திரண்டு படகுகள் கட்டி நிற்கும் படகுத்துறைக்குச் சொந்தக்காரன். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பிளக் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கல்லூரி முடித்தவர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற வருடம் டெல்பர்ட் ஒரு படகு வாங்கினான். முப்பத்து நாலு அடி, உள்ளே அறை, இரண்டு இன்ஜின். அதற்கு முன்னால் அதை வைத்திருந்தவர் சவ அடக்கம் செய்யும் கடை நடத்தியவர். தமாஷான மனிதர். படகுக்கு 'இறுதி ஓய்வு' என்று பெயர் வைத்திருந்தார். படகின் மூக்கில் நம்பர் எழுதினால் அழகு கெடும் என்று மத்திய அரசில் அதைப் பதிந்திருந்தார்.

இந்த விஷயம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சின்னப் படகுகளுக்கு மாநிலப் பதிவு போதும். மூக்கின் இரண்டு பக்கமும் நம்பர், பக்கத்தில் ஸ்டிக்கர், வேலை முடிந்தது. பெயர் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். மாநிலத்துக்கு அதில் அக்கறை இல்லை. மத்திய அரசு ஆவணம் அப்படியல்ல. அதற்கு ஐந்து டன் அளவாவது இருக்க வேண்டும். மூக்கில் நம்பர் கிடையாது, மாநில ஸ்டிக்கரை மட்டும் ஒட்ட வேண்டும். பின்புறம் நாலு அங்குல எழுத்தில் பெயரும் ஊரும், உள்ளே உத்தரத்தில் அழிக்க முடியாதபடி ஒரு நம்பர், கூடவே ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழின் அசல் படகிலேயே இருக்க வேண்டும். நகல் செல்லாது. அதில் படகின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை வைத்துத்தான் அரசாங்கத்துக்குப் படகைத் தெரியும்.

டெல்பர்ட்டுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. விதிமுறை அதிகம் உள்ள எதுவும் அவனுக்குப் பிடிக்கும். அக்டோபரில் விண்ணப்பம் போட்டான். மே மாதம் அவன் பெயரில் சான்றிதழ் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, படகைத் திருப்பும் சக்கரத்துக்குப் பக்கத்து இழுப்பறையில் பத்திரப்படுத்தினான்.

அவன் மனைவி ஐடெல்லா மட்டும் அந்தப் படகைத் தொட்டதுகூட இல்லை. அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாகியும் அவள் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவாள். தரை முடிந்து படகுத்துறைப் பலகை தொடங்கும் இடத்தில் நின்று, கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

அவளுடைய அக்கா பெர்னிஸ், ஏரிக்கு அந்தப் பக்கம், கனடாவுக்குச் சொந்தமான பீலீ தீவில் இருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை பெர்னிஸ்தான் கப்பலேறி இங்கே வருவாள். அந்த வசந்தத்தில் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இனி வர முடியாது. ஆகஸ்டு மாதம் முதல் சனிக்கிழமை அவளுக்கு எழுபது வயது நிறைகிறது.

ஜூன் கடைசியில் ஒருநாள் ஐடெல்லா சாப்பாட்டுப் பையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அக்காவைப் பாக்கப் போகணும். நீங்க ஓட்டினா வரேன்."

டெல்பர்ட் பையை வாங்க மறந்து நின்றான்.

"கப்பல்ல எவனோ ஓட்டுவான், எனக்கு ஆகாது. நீங்க ஓட்டுங்க. ஆனா 'இறுதி ஓய்வு'ன்னு எழுதினதுல ஏற மாட்டேன். பேரை மாத்துங்க."

"உன் பேரையே வெச்சிடறேன்."

"வேணவே வேணாம். முங்கிச்சுன்னா பேப்பர்ல என் பேரு வரும்."

"வேற என்ன வெக்கிறது?"

"உங்களுக்குத் தெரிஞ்சதே ஒரு வசனம். அதையே வெச்சுத் தொலைங்க."

அப்படித்தான் படகுக்கு 'எல்லாரும் உக்காந்தாச்சு' என்று பெயர் முடிவானது.

படகின் பெயரை மாற்றுவதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. பழைய பெயரின் தடயம் ஒன்றுகூடப் படகில் இருக்கக் கூடாது. இருந்தால் கடல் தெய்வம் கோபித்துக்கொள்ளும். எங்களுடையது ஏரிதான். இருந்தாலும் யாரும் துணிந்து பார்த்ததில்லை. எல்லாவற்றையும் அழித்த பிறகு நாலு திசைக்கும் பீர் ஊற்றி, புதுப் பெயரைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பதினேழு படகுகளுக்கு நான் பெயர் மாற்றியிருக்கிறேன். ஒன்றுகூட முங்கவில்லை.

டெல்பர்ட் என்னிடம் வந்து கேட்டான். "எல்மர் அண்ணே, எது எதையெல்லாம் எடுக்கணும்?"

"பேரு இருக்கிற எதையும் விடாதடா. மிதவை வளையம், சாவிக்கொத்து, காப்பிக் குவளை, நாட்குறிப்பு. துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது."

துண்டுக் காகிதம் என்றுதான் நான் சொன்னேன். அரசாங்கக் காகிதம் என்று சொல்லவில்லை.

ஜூலை கடைசியில் அவன் மூன்று நாள் வேலை செய்தான். பின்புறம் எழுதியிருந்ததைச் சுரண்டித் தேய்த்தான். பழைய சொந்தக்காரர் ஆறு குவளைகளில் பெயர் அச்சடித்து வைத்திருந்தார், ஆறையும் உடைத்தான். எரிக்க வேண்டியவற்றை என் பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய பீப்பாயில் போட்டு எரித்தான். புது எழுத்துகளை என் கையாலேயே ஒட்டிக் கொடுத்தேன். அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் கோணல் தெரியாது. பீர் ஊற்றினோம். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் மேற்குத் திசைக்கு ஊற்றியது மட்டும் என் சட்டையில் விழுந்தது.

எல்லாம் முடிந்ததும் கேட்டேன்: "சான்றிதழ்லயும் பேரை மாத்த எழுதிப் போட்டியா?"

"எதுல?"

"மத்திய அரசு சான்றிதழ்டா."

"அதுல பழைய பேரு இருந்துச்சே அண்ணே. எரிச்சிட்டேன்."

போய் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் உறை சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மறுநாள் காலை சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எனக்கு யாரிடமும் பேசத் தயக்கம் கிடையாது. ஒருமுறை செனட்டரிடமே மோட்டார் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்தப் பக்கம் பேசிய அம்மா மரியாதையாகப் பதில் சொன்னார். தொலைந்த சான்றிதழுக்கு ஒரு விண்ணப்பம், பெயர் மாற்றத்துக்கு இன்னொன்று. எனக்கு முன்னால் வரிசை இருக்கிறது என்றார். சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றேன். எந்த மாதத்துச் சனிக்கிழமை என்று கேட்டார்.

மாநிலப் பதிவுக்கு மாறிவிடலாமா என்று யோசித்தோம். அதற்கும் முதலில் மத்திய அரசுப் பதிவேட்டிலிருந்து படகை விடுவிக்க வேண்டும். அதுவும் அதே வரிசைதான்.

"பேசாம போயிட்டு வாடா," என்றேன். "எவன் கேக்கப் போறான்?"

"கேட்டா?"

"வருதுன்னு சொல்லு."

"பேரு ஒண்ணு, பேப்பர் இல்ல, அந்தப் பக்கம் வேற நாடு." அவன் தலையை ஆட்டினான். "லைசென்ஸ் இல்லாம நான் வண்டிய ஸ்டார்ட்கூடப் பண்ணினது இல்லண்ணே."

"அப்ப பழைய பேரையே திரும்ப ஒட்டட்டா?"

"அவ ஏற மாட்டா."

வியாழக்கிழமை மத்தியானம் ஐடெல்லா வந்தாள். பலகை ஓரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சண்டை போடவில்லை. "அக்கா கேக் சொல்லி வெச்சிட்டா," என்றாள். "வரலன்னு நான்தான் சொல்லணும்." பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

திரும்பியவள் நின்றாள். பக்கத்தில் என் வேலைப் படகு கட்டிக் கிடந்தது. இருபது அடி அலுமினியப் படகு, சாம்பல் நிறம், பின்னால் வெளியே மாட்டிய ஒரு மோட்டார். இன்ஜின் நின்றுபோய் ஏரியில் தவிப்பவர்களை இழுத்துவர வைத்திருக்கிறேன். முன்னூறு பேரையாவது இழுத்து வந்திருப்பேன்.

"எல்மர், இதுக்கு என்ன பேரு?"

"பேரெல்லாம் இல்லம்மா. வேலைப் படகு."

"பேரில்லாம விடுவாங்களா?"

"இது மாநிலப் பதிவு. மூக்குல நம்பர் இருக்கு பாரு, அது போதும்."

அவள் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"முப்பத்தோரு வருஷம் நம்பர் போட்ட வண்டிதானே ஓட்டினீங்க? அதுக்கு யாரு பேரு வெச்சா? இத ஓட்டுங்க."

"ஐடெல்லா, இதுல மேல கூரைகூட இல்ல."

"தொப்பி போட்டுக்கறேன்."

சனிக்கிழமை ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாக இருந்தது. என் படகு என்பதால் நானும் போனேன். ஐடெல்லா இரண்டு மிதவைச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். பலகை தொடங்கும் இடத்தில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு டெல்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, இறங்கி நடு இருக்கையில் உட்கார்ந்தாள்.

டெல்பர்ட் மோட்டாரைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "எல்லாரும் உக்காந்தாச்சா?"

"ஆச்சு," என்றாள் ஐடெல்லா, கண்ணைத் திறக்காமல்.

படகு நகரவில்லை.

"அண்ணே," என்றான்.

நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அறுபது வருடமாகப் படகில் நான் உட்கார்ந்தது கிடையாது. நின்றுகொண்டேதான் போவேன், புயலிலும் அப்படித்தான். அதைச் சொன்னேன்.

"உக்காருங்கண்ணே."

"இது என் படகுடா."

அவன் மோட்டாரை அப்படியே ஓடவிட்டான். காத்திருந்தான். உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரத்தில் பீலீ போய்ச் சேர்ந்தோம். கரையிலிருந்து சுங்க அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு டெல்பர்ட் பேசினான். படகின் பெயர் என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றான். அப்படியானால் நம்பரைச் சொல்லுங்கள் என்றார்கள். அவன் எட்டிப் பார்ப்பதற்குள் ஐடெல்லா, அவ்வளவு தூரமும் படகின் மூக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தவள், பார்க்காமலே கடகடவென்று ஒப்பித்தாள். வியாழக்கிழமையே மனப்பாடம் செய்திருக்கிறாள். பெர்னிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கரையில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

புதுச் சான்றிதழ் நவம்பரில் வந்தது. எல்லாப் படகுகளையும் தரையேற்றித் துணி போர்த்திய பிறகு வந்தது. டெல்பர்ட் ஏணி வைத்து ஏறி, பிளாஸ்டிக் உறைக்குள் அதைப் போட்டுவிட்டு இறங்கினான்.

மறு வருடமும் ஐடெல்லா பெரிய படகில் ஏறவில்லை. அதில் இன்னும் யாரும் உட்காரவில்லையே, அந்தப் பெயரை எப்படி நம்புவது என்று கேட்டாள். அக்காவைப் பார்க்க மாதம் இருமுறை என் சாம்பல் படகில்தான் போய்வருகிறார்கள். இழுத்துவரும் வேலை வந்தால் நான் டெல்பர்ட்டின் முப்பத்து நாலு அடிப் படகை எடுத்துக்கொண்டு போகிறேன். அதைத் துறைச் சுவர் ஓரம் ஒட்டினாற்போல் திருப்பி நிறுத்த இந்தக் கரையில் என்னால் மட்டும்தான் முடியும். சான்றிதழ் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். உட்கார்ந்துதான் ஓட்டுகிறேன்.