ஈரத்துணியும் தராசும்

பேராதனையில் சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, ஆராயும் குழுவை நடத்துவது நான்தான். பொய். நான் அவர்களுடைய வேன் டிரைவர்.

வத்தேகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், சீனி வருத்தம் உள்ள தாய்க்குப் பால் போதுமா என்று அறிய, பால் குடிக்கும் முன்னும் பின்னும் குழந்தையைத் துணியோடு நிறுத்துப் பார்த்தார்கள். குடித்து முடித்த குழந்தையை என்னிடம் தந்தார்கள். துணி நனைந்திருந்தது. பெரிய கெட்டிக்காரன் போல அதைக் கழற்றிவிட்டுக் குழந்தையைத் தராசில் வைத்தேன். நிறை குறைந்திருந்தது.

"எனக்குப் பாலே இல்லீங்களா மிஸ்?" தாய் அழுதுவிட்டார்.

ஆராய்ச்சி செய்யும் மிஸ் என்னைப் பார்த்தார். "அண்ணே, கையில என்னங்க?"

"ஈரத்துணிங்க மிஸ்."

"ஐயோ, அதையும் தராசுல வைங்க!"

வைத்ததும், குடிக்கும் முன் இருந்ததைவிட நிறை கூடியது. "நல்லாவே குடிச்சிருக்கும்மா," என்றார் மிஸ். தாய் சிரித்துவிட்டார்.

மூத்திரத்துக்கு இவ்வளவு நிறையா என்று கேட்டேன். அதற்கு மிஸ் சொன்னது...

"அண்ணே, வேனை எடுங்க!"

இருங்கள், இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள்; மீதியைப் பிறகு சொல்கிறேன்.