எஃப்-ஒன் அமுக்கிய ஒரே ஆள்

கீபோர்டில் உதவிக்கென்று இருக்கிற எஃப்-ஒன்னை யாரும் அமுக்குவதில்லை என்பது எங்கள் ஆபீசில் ஊறிப்போன ஜோக். அந்த எஃப்-ஒன்னுக்குப் பின்னால் வரும் பக்கங்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான் என்பதால், என் காதுபடத்தான் அதை அதிகம் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்க பண்ற ஸ்கிரீனுக்கு அவங்க அமுக்காம வேற என்ன பண்ணுவாங்க?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் எட்டுப் பேர். சின்ன ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கு சாப்ட்வேர் செய்கிறோம். திரையில் எந்தக் கட்டத்தில் நின்று எஃப்-ஒன் அமுக்கினாலும், அந்தக் கட்டத்துக்கான விளக்கம் மட்டும் திறக்க வேண்டும். அதுதான் என் வேலை. ஒவ்வொரு கட்டத்துக்கும், ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரை நான் எழுதிய பக்கத்தோடு முடிச்சுப் போடுவோம். நம்பர் மாறினால் பக்கமும் மாறிவிடும்.

அதனால் புது வெர்ஷன் போவதற்கு முன்னால் ஒரு சடங்கு. ஒரு நீளமான தாளில் எல்லாக் கட்டங்களின் பெயரும் இருக்கும். ஒவ்வொன்றிலும் நின்று, எஃப்-ஒன் அமுக்கி, வந்த பக்கம் சரிதானா என்று பார்த்து டிக் போட வேண்டும். முதல் வருடம் பயபக்தியோடு செய்தேன். அப்புறம், போன தடவை சரியாக இருந்த திரை இந்தத் தடவை எங்கே ஓடிப் போகப்போகிறது என்று, பழைய திரைகளுக்கு அமுக்கிப் பார்க்காமலே மேலிருந்து கீழே வரிசையாக டிக் போட்டுப் பேனாவை இறக்க ஆரம்பித்தேன். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

என் பக்கங்களைப் படிக்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். பல்லாவரத்தில் ஒரு லேபில் பதிவு மேஜையில் உட்காருகிற பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். ஒருநாள் போன் செய்து, "மேடம், தேதி பக்கத்துல ரெண்டாவது வரி விட்டுப்போன மாதிரி கீது, பாருங்க" என்றாள். பார்த்தேன், விட்டுத்தான் போயிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அதன்பிறகு அவள் அடிக்கடி பேசுவாள். மேடம் போய் அக்கா வந்துவிட்டது. "தெரியாத பட்டன்னா நான் எஃப்-ஒன் பாக்காம தொட மாட்டேங்க்கா, பயம்" என்பாள். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள்; அந்த லேப் வேலைதான் வீட்டைத் தாங்குகிறது என்பதும் அப்படிப் பேசியதில் தெரிந்துகொண்டதுதான்.

அந்த வெர்ஷனில் நோயாளி திரையில் ஒரு பட்டனைச் சேர்த்தார்கள். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் இரண்டையும் ஒன்றாக்குகிற பட்டன். நான் அதற்குப் பக்கம் எழுதி, நம்பரும் கொடுத்தேன். "கவனம். இதைத் திரும்பப் பெற முடியாது. இருவரும் ஒரே ஆள்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்" என்று எழுதினேன். எங்கள் புரோகிராமரோ பக்கத்திலிருந்த 'காலிப் பதிவை நீக்கு' என்ற பட்டனை அப்படியே காப்பி எடுத்து, பெயரை மாற்றி, வேலையை மாற்றி, நம்பரை மட்டும் மாற்ற மறந்துவிட்டார். நான் அந்தத் திரை பழைய திரைதானே என்று பேனாவை இறக்கிவிட்டேன்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. அன்றைக்கு லேபிலும் கூட்டம் அலைமோதும். காய்ச்சலோடு இரண்டு பெண்கள், ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே வயது. திரை, 'ஒரே பெயரில் இரண்டு பதிவுகள், ஒன்றாக்கவா?' என்று கேட்டிருக்கிறது. பதிவு மேஜையில் இருந்த அவளுக்குப் புரியவில்லை. வரிசை நெருக்கியபோதும் எஃப்-ஒன் அமுக்கியிருக்கிறாள். பக்கத்து பட்டனுக்காக எப்போதோ நான் எழுதிய வரிகள் வந்திருக்கின்றன: "தயங்காமல் 'ஆம்' அழுத்துங்கள். எந்த ரிசல்ட்டும் மாறாது."

அவள் 'ஆம்' அழுத்தினாள். டெங்குவில் பிளேட்லெட் சரிந்துகொண்டிருந்தவர், சாதாரணக் காய்ச்சலோடு வந்த மற்றவரின் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். கடைசியில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய ஆட்கள் லேபில் வந்து போட்ட சத்தத்தில், யாராவது ஒருவர் வெளியே போயே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை அழுதுகொண்டே அழைத்தாள். "அக்கா, இன்னா பண்றதுன்னே தெர்லக்கா. எஃப்-ஒன்ல போட்டிருந்ததைப் பாத்துதான் பண்ணேன். ஓனர் நம்ப மாட்டேங்குறாரு. வேலையை விட்டுத் தூக்கிடுவாருக்கா."

"இரும்மா, பாக்குறேன்" என்று வைத்துவிட்டு, பட்டனில் நின்று அமுக்கினேன். என் வரிகள் வந்து நின்றன. புரோகிராமரைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தவர், "அய்யய்யோ, நம்பர்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாற்ற அரை நிமிடம் ஆனது. இன்னொரு லேபில் இன்னொருத்தி அமுக்குவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று பதறி, மதியத்துக்குள் எல்லா லேபுகளுக்கும் அப்டேட் அனுப்ப வைத்தேன். உருப்படியாக ஒன்று செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் எங்கள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். லேப் ஓனரிடம் நானே பேசுகிறேன் என்றேன். முதலாளி கதவைச் சாத்தினார்.

"'ஆம்' அழுத்துனது யாரு? நாமளா?"

"நம்ம பக்கம் சொல்லித்தான் சார் அழுத்துனாங்க."

"அத எழுதிக் குடுத்தா நாளைக்கே எல்லா லேபும் நம்மள விட்டுப் போயிடும். அப்புறம் எட்டுப் பேரும் வீட்ல உக்காரலாம். அந்த டிக் ஷீட்ல கையெழுத்து யாரோடது, பாத்தீங்களா?"

பார்க்கத் தேவையில்லை, என்னுடையதுதான். லேப் ஓனரிடம் பேசுவதை விட்டுவிட்டு வெளியே வந்தேன். செம்பாக்கத்தில் வாங்கிய வீட்டுக்குத் தவணை, பையனின் பன்னிரண்டாம் வகுப்பு என்று ஸ்கூட்டியில் வழியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு போனேன். வெட்கங்கெட்ட காரணங்கள். ஒன்றுகூட பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மறுபடி அழைத்தாள். இந்த முறை அழவில்லை. ஓனரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து மேஜையில் உட்கார வைத்திருக்கிறாள். "நீங்களே பாருங்க சார்" என்று அந்தப் பட்டனில் நின்று எஃப்-ஒன் அமுக்கியிருக்கிறாள். கவனம், திரும்பப் பெற முடியாது, கேட்டு உறுதி செய்யுங்கள் என்று அத்தனையும் வந்திருக்கிறது. அவர் வாய்விட்டு இரண்டு முறை படித்தாராம். 'தப்பைக்கூட மன்னிச்சிருப்பேன், பொய்யை மன்னிக்க மாட்டேன்' என்றாராம்.

"அக்கா, நான் பொய் சொல்லலக்கா."

"தெரியும்மா."

"நீங்க மாத்திட்டீங்களாக்கா?"

"ஆமா, நேத்தே."

அவளுக்குப் பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது.

"மாத்துனது நல்லதுதான்க்கா. ஆனா அந்தப் பழசு உங்ககிட்ட இருக்கும்ல? அதை மட்டும் ஒருவாட்டி சார் கண்ணுல காட்டிட்டா போதும்க்கா. வேற எதுவும் வேணாம்."

இருந்தது. நாங்கள் எந்த வெர்ஷனையும் அழிப்பதில்லை. என் கம்ப்யூட்டரிலேயே, இரண்டு ஃபோல்டர் தள்ளி இருந்தது. முதலாளியின் கதவு திறந்திருந்தது.

"இல்லம்மா," என்றேன். "புதுசு போட்டா பழசு அழிஞ்சிடும்."

அவள் நம்பினாள். நான் சொல்வதை எப்போதும் அப்படியே நம்புகிறவள். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.