ஞாயிற்றுக்கிழமை மாத்திரைப் பெட்டி

குடிபாலாவில் சித்தூர் சாலையை ஒட்டியிருக்கும் மருந்துக்கடையின் பலகையில் ‘பிரமிளா மெடிக்கல்ஸ்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கும். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. “ரூல்ஸ் கடையாண்ட நிறுத்துப்பா” என்றால் ஷேர் ஆட்டோக்காரருக்குப் புரிந்துவிடும்.

ரூல்ஸ் கடை என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் பிரமிளா ஆன்டிபயாடிக் தரமாட்டாள். நாலே மாத்திரை கேட்டாலும், அட்டையைக் கத்தரித்து, காலாவதித் தேதியைக் கவரில் எழுதித்தான் கொடுப்பாள். காலையிலும் மாலையிலும் இன்சுலின் வைத்த ஃப்ரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி என்று பார்த்து நோட்டில் குறிப்பாள்.

“இன்னாம்மா, ஃப்ரிட்ஜுக்கு ஜுரமா?” என்று கேலி செய்வார்கள்.

“இன்னிக்கு நாலு டிகிரி. நல்லா கீது” என்று அவளும் முகம் மாறாமல் பதில் சொல்வாள்.

அவள் அப்பா துலுக்காணம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். அந்தத் தெருவில் இன்டர் என்கிற பன்னிரண்டாம் வகுப்பை முடித்து மேலே படித்த முதல் ஆள் பிரமிளாதான். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டி.பார்ம் படித்தாள். பிறகு ஆறு வருடம் சித்தூரில் ஒரு பெரிய கடையில் வேலை. அங்கே கூட்டம் நெரியும். சீட்டை வாங்கு, மருந்தைக் கொடு, அடுத்த ஆளைக் கூப்பிடு. ‘இதோடு வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்க நேரமே இருக்காது. கேட்காமல் அனுப்பியவர்களின் நினைப்பு, அவள் வீடு திரும்பும் வழியெல்லாம் மனதை அரிக்கும்.

அதனால் சொந்தக் கடை போட்டதும் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்: ‘ஞாயிறு காலை. வீட்டில் இருக்கும் மருந்தை எல்லாம் பெட்டியோடு கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்கிறேன். இலவசம்.’

முதல் ஞாயிறு வந்தது ஒரே ஆள், துலுக்காணம். கையில் பாதி தீர்ந்த தலைவலித் தைலம்.

“எங்கிட்ட இதாம்மா கீது. பாரு” என்று பெஞ்சில் கம்பீரமாக உட்கார்ந்தார். தைலம் காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பில் எதிர்ப்புறப் பஞ்சர் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கொண்டுவந்த பையில் அவருடைய இருமல் மருந்தும் ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தும் ஒரே மாதிரி பாட்டில்களில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

நான்காவது ஞாயிறு பத்தரை மணி வாக்கில் வேதாச்சலம் தன் மனைவி கிருஷ்ணம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கிருஷ்ணம்மா மாங்கூழ் தொழிற்சாலையில் பழம் பிரிக்கும் வேலை செய்பவள். அவள் பேசினால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அப்படிப்பட்டவள் அன்று பேசாமல் வந்து பெஞ்சில் சாய்ந்தாள். முகமெல்லாம் வேர்வை; விரல்கள் நடுங்கின.

“ரெண்டு மாசமா இப்டிதாம்மா. தினிக்கும் இந்நேரத்துக்கு மயக்கம் வந்துடுது. வேலைக்கு வராதன்னு சொல்ட்டாங்க. காத்து கருப்புன்னு கயிறுகூட கட்டியாச்சி. ஒரு டானிக் குடு” என்றார் வேதாச்சலம்.

பிரமிளா டானிக் பக்கம் திரும்பவில்லை. கிருஷ்ணம்மாவின் விரலில் குத்தி சர்க்கரை பார்த்தாள். ஐம்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. சட்டென்று குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தாள்.

“ஐயய்யோ, சர்க்கரக்காரிக்கு இனிப்பு குடுக்கிறியே!”

“இப்ப அதான் மருந்து, பெரியப்பா. பொட்டிய தொறங்க.”

அது ஒரு பிஸ்கட் டின். பிரமிளா மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினாள். பச்சை அட்டை ஒன்று, ஊதா அட்டை ஒன்று. பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் வேறு வேறு. கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்து ஒன்றேதான்.

“இத யார் குடுத்தாங்க?”

“பச்ச வேலூரு டாக்டரு. ஊதா சித்தூரு டாக்டரு. ரெண்டு மாசமா அவராண்டதான் போய்க்கினு கீறோம்.”

“பச்ச துன்றத இவராண்ட சொன்னீங்களா?”

“அவரு கேக்கல. நாங்களும் சொல்லல.”

“பெரியப்பா, ரெண்டும் ஒரே சர்க்கர மாத்திர. பெரிம்மா டபுள் டபுளா துன்னுக்கினு கீறாங்க. அதான் சர்க்கர எறங்கிப் போவுது.”

வேதாச்சலம் மனைவியின் கையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு ஊதா அட்டையைப் பார்த்தார். “அப்ப காத்து இல்லியா?” என்று மெதுவாகக் கேட்டார்.

எதை நிறுத்துவது என்று பிரமிளா தானாக முடிவு செய்யவில்லை. சித்தூர் டாக்டரைப் போனில் பிடித்து, இரண்டு அட்டையிலும் இருந்ததைத் தெலுங்கில் வாசித்துக் காட்டினாள். “நல்லவேளை பாத்தம்மா. பச்ச வேணாம். சாயந்தரம் வரைக்கும் கூட ஆள் இருக்கணும், அடிக்கடி சர்க்கர பாக்கணும். நாளைக்கிக் காலைல என்னாண்ட அனுப்பு” என்றார் அவர்.

அதற்குள் கால் மணி நேரம் ஆகியிருந்தது. மறுபடி பார்த்தபோது சர்க்கரை தொண்ணூற்றாறு. கிருஷ்ணம்மா நிமிர்ந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “இன்னாடி இது, தண்ணில கரச்சி குடுத்தா போதுமா? இந்தாளு என்ன மூணு கோயிலுக்கு இட்னு போனாரு!” என்றாள். குரல் சாலைக்குக் கேட்டது. பிரமிளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கச் சிரித்தாள்.

பத்தே நாளில் கிருஷ்ணம்மா வேலைக்குத் திரும்பினாள். சாப்பாட்டு இடைவேளையில் அவள் சொன்ன கதையில், ஐம்பத்தெட்டு இருபத்தெட்டாகக் குறைந்தது. டாக்டர் போனிலேயே பிரமிளாவைக் கும்பிட்டார்.

அந்த வார ஞாயிறு ஷட்டரைத் தூக்கிய பிரமிளா திகைத்து நின்றாள். தொழிற்சாலைப் பெண்கள் பதினோரு பேர், கையில் டப்பா, துணிமூட்டை, டிபன் தூக்கு என்று வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்று அதட்டிக்கொண்டிருந்தாள் கிருஷ்ணம்மா.

“ஏய், எதயும் மறைக்காம காட்டணும். நாட்டு மருந்தும் காட்டணும். சொல்லலன்னா அவளுக்கு எப்டித் தெரியும்?”

“மொதல்ல யாரு?” என்றாள் பிரமிளா.

பதினோரு பெட்டிகளும் ஒரே நேரத்தில் மேசைமேல் வந்து விழுந்தன.