லூயிஸ் வாங்கிய இரண்டு டயர்கள்

லூயிஸ் மாதிரி பயந்த மனிதரை நான் சாந்தோமில் வேறு பார்த்ததில்லை. இடிக்குப் பயம், மாட்டுக்குப் பயம், டாக்டரம்மா தொண்டையைக் கனைத்தால்கூடப் பயம். இவரை நம்பி எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியின் சின்ன வேனை யார் கொடுத்தார்களோ தெரியாது. பதினோரு வருஷம் அவர்தான் ஓட்டினார். வலி எடுத்த பெண்களைக் கூட்டிவர, நர்ஸ் என்று பக்கத்தில் உட்கார்ந்து போனவள் நான்.

அந்த வேன் போகிற வழி ஒரே மாதிரி இருக்காது. குப்பத்துக்குப் போனால் மணல். மயிலாப்பூருக்குள் தார். அடையாறு பக்கம் கப்பி ரோடு. சைதாப்பேட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், செங்கல் சூளைக்குப் போகும் பாதை முழுக்க உடைந்த செங்கல். மணலில் இறங்குமுன் லூயிஸ் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார். தாருக்கு ஏறியதும் பம்பை எடுத்து மறுபடி அடிப்பார். நான் வேனுக்குள் வெந்துகொண்டு காத்திருப்பேன். எரிச்சல் எரிச்சலாக வரும்.

1943 தவக்காலத்தில், சூளையில் வேலை செய்யும் சொர்ணத்தை ஏற்றிக்கொண்டு வரும்போது பாலத்தருகே பின் டயர் வெடித்தது. மாற்று டயர் கிடையாது. உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஒட்டிக் கிளம்ப முக்கால் மணி ஆயிற்று. குழந்தை தங்கவில்லை. யுத்தகாலம், ரப்பருக்கு எங்கே போவது, யார் என்ன செய்ய முடியும் என்றார் டாக்டரம்மா. எல்லோரும் அதையே சொன்னோம். லூயிஸ் மட்டும் அந்த டயரைக் கழற்றப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் சொர்ணம் மறுபடி உண்டாகியிருந்தாள். அந்தச் செய்தி வந்ததிலிருந்து லூயிஸுக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி ஐவி என்னிடம் வந்து அழுதாள். இந்தத் தடவையாவது அவளையும் குழந்தையையும் முழுசாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதற்கு நல்ல டயர் வேண்டும். மனுவுக்கு மேல் மனு போட்டு இரண்டு டயருக்குப் பர்மிட் வாங்கினார். ஒரு வருஷத்துக்கு அவ்வளவுதான்.

மவுண்ட் ரோட்டுக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் மெஹபூப் அலி இரண்டு ஜோடி எடுத்துப் போட்டார். ஒன்று அந்த வருஷம் செய்தது. சாம்பல் பூத்தாற்போல் இருந்தது, ரோட்டில் படுகிற பட்டையும் ஆழமில்லை. மற்றது யுத்தத்துக்கு முந்தியது. கறுகறுவென்று, விரல் நுனி புதைகிற அளவுக்குப் பட்டை வெட்டியிருந்தது.

"புதுசை எடுத்துக்குங்க" என்றார் மெஹபூப் அலி. "பக்கவாட்டுல தடிப்பா கீது. நீங்க மணல்ல காத்தை இறக்கி ஓட்டுறவரு, அப்போ பக்கம்தான் மடியும். செங்கல் கிழிக்கிறதும் அங்கதான். பட்டையைப் பார்த்து ஏமாறாதீங்க."

லூயிஸ் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்போதெல்லாம் சோப்பு, ஊசி, மல் வேட்டி, எதுவானாலும் யுத்தத்துக்கு முந்தின சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோம். "யுத்தச் சரக்குல என்னத்தைக் கலந்திருக்கானோ சிஸ்டர்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் பழசையே எடுத்தார். ஐந்து வருஷம் பரணில் கிடந்த ரப்பர் என்னவாகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பின் சக்கரங்களில் மாட்டி மூன்று வாரம் நிம்மதியாக இருந்தார். ஆகஸ்டில் ஒரு காலை, சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து டயரின் பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் முடி முடியாக மெல்லிய வெடிப்பு. அந்த நேரம் பார்த்துச் சொர்ணத்துக்கு வலி என்று சூளையிலிருந்து ஆள் வந்தது.

போகிற வழியெல்லாம் அவர் பள்ளம் பார்த்து ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். சூளைப் பாதையில் ஒவ்வொரு கல் சத்தத்துக்கும் நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

சொர்ணம் குடிசை வாசலில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கைத்தாங்கலாக அழைத்துவந்தேன். லூயிஸ் வேன் கதவை மறித்து நின்றார்.

"டயர் சரியில்லம்மா. நான்தான் தப்பா வாங்கிட்டேன். வழியில போனாலும் போயிடும். தெரிஞ்சுக்கினு ஏறு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "போன தபாவும் உனக்குத் தெரியுமா நைனா?"

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். இன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புமுன் அந்தப் பின் டயரைக் காட்டி, இது தாங்காது சிஸ்டர், குதிரைவண்டி பிடிக்கலாம் என்று அவர் என்னிடம் சொன்னார். பேசாமல் வண்டியை எடுங்கள் என்று விரட்டினவள் நான். இப்போது அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சொர்ணத்துக்கு அடுத்த வலி வந்தது. வேறு வண்டி தேட நேரமில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாலத்தைத் தாண்டும்வரை நான் மூச்சுவிட்டேனா என்று தெரியாது. தேனாம்பேட்டை தாண்டியது, மயிலாப்பூர் தாண்டியது, டயர் தாங்கியது.

பெண் குழந்தை. ஊரைக் கூட்டுகிற குரல். லூயிஸ் வார்டு வாசலில் தயங்கி நின்றார்.

"அந்த ஆளு உள்ள வர வாணாம்" என்றாள் சொர்ணம்.

அது அவர் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சொர்ணம் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும் சிஸ்டர்" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.